ஒருகொடவத்தையில் நின்ற யூட்டின் புல்வெட்டி

என் கணவர் யூட் இறந்து நாலு மாதமாகியும் அவர் ஏறியிருந்து ஓட்டிய பெரிய புல்வெட்டி ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் யார்டில் நின்றது. யார்டுக்காரர் இடத்தைக் கேட்டுவிட்டார். யூட்டின் ஒப்பந்த வேலைகளை இப்போது பார்க்கும் கொட்டாஞ்சேனை லோரன்ஸ் அண்ணை அதை வாங்கச் சம்மதித்தார். நான் ஒரேயொரு நிபந்தனை போட்டேன். நவம்பர் இரண்டாம் திகதி மரித்தோர் தினத்துக்கு முன்னர், இந்த இயந்திரத்தாலேயே சேமக்காலைப் புல்லை வெட்டவேண்டும். யூட் அங்கேதான் கிடக்கிறார், இத்தனை வருடம் தானே வெட்டிய புல்லுக்குக் கீழே. அது இப்போது முழங்கால் உயரம். ஊரே மெழுகுதிரி கொளுத்த வரும் நாளில் அவரை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்கு மனமில்லை.

ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு வெள்ளவத்தையில் ரயில் ஏறினேன். கடல் பக்கத்து இருக்கை கிடைத்தும் கடலைப் பார்க்கவில்லை. கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில் மூன்று கிலோமீற்றர், நானூறு ரூபாய். கோவிலில் ஒரு மெழுகுதிரி வைத்துவிட்டு, லோரன்ஸ் அண்ணையிடம் மாலைக்குள் இயந்திரம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அங்கிருந்து யார்டுக்கு இன்னொரு ஓட்டோ, ஐந்நூறு. அந்த வீதியில் கொள்கலன் லொறிகள் வழி விடாது, அரைமணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கொள்கலன் யார்டில் எனக்கு என்ன வேலை என்று சாரதி சிங்களத்தில் கேட்டார். கணவருடைய மெஷினை எடுக்கப் போகிறேன் என்றேன். அவர் வரவில்லையா என்றார். இல்லை என்றேன். யார்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டார், நல்ல மனிதர்.

யார்டுக்குள் நுழைந்தபோது, அதை ஏற்றிப்போக நான் பிடித்திருந்த லொறிக்காரர்கள் புல்வெட்டியில் சங்கிலி மாட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். சில்லு சுழலவில்லை. சீமெந்துத் தரையில் டயர் கறுப்புக் கோடு கிழித்தபடி அரைபட்டு வந்தது. நான் கத்திய கத்தலில் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

இப்படியொரு வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய புல்வெட்டிகள் பலவற்றில் கியர் பெட்டியும் இல்லை, கிளட்சும் இல்லை. எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தி, சில்லோடு இருக்கும் மோட்டருக்கு அனுப்பும். எண்ணெய் சில்லைத் திருப்பிவிட்டுத் திரும்பவும் பம்புக்கே வரும். பம்புக்குள் ஒரு சாய்தட்டு இருக்கிறது. மிதியை மிதித்தால் அது சாயும். கூடச் சாய்ந்தால் கூட எண்ணெய், கூட வேகம். மற்றப் பக்கம் சாய்ந்தால் எண்ணெய் எதிர்த்திசையில் ஓடும், வண்டி பின்னால் போகும். நேராக நின்றால் ஓட்டமில்லை, வண்டியும் நிற்கும். கல்யாணமான புதிதில் என்னோடு கதைக்க யூட்டுக்கு வேறு விஷயமே இருக்கவில்லை. எனக்கு அலுத்துப்போகும்.

எஞ்சின் நின்றால் அந்த எண்ணெய் குழாய்க்குள் சிறைப்பட்டுவிடும். ஊசியில்லாத சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள், அதே கதைதான். பலவந்தமாக இழுத்தால் பம்பும் மோட்டரும் சேர்ந்து நாசமாகும். அதற்காகவே பம்பின் பக்கத்தில் ஒரு வால்வு இருக்கிறது. அதைத் திறந்தால் போகிற குழாயும் வருகிற குழாயும் இணைந்து, எண்ணெய் தன்பாட்டில் சுற்றும், சில்லும் சுழலும்.

பற்றரி செத்துக் கிடந்ததால் எஞ்சினைக் கிளப்பவும் வழியில்லை. லொறிக்காரரிடம் ஸ்பானர் வாங்கி, குனிந்து வால்வைத் தளர்த்தினேன். கைப்பிரேக்கை விட்டேன். நாலு பேரும் நானும் சேர்ந்து தள்ளினோம். அசையவே அசையாது என்று நான் நினைத்திருந்த பாரம், கை வைத்ததும் மெல்ல உருண்டு போனது. இவ்வளவு இலேசாகப் போய்விடும் என்று எதிர்பார்க்கவில்லை. லொறியில் ஏற்றும்வரை அவருடைய இருக்கையைப் பிடித்துக்கொண்டே போனேன். கதவைப் பூட்டியதும் அழுதுவிட்டேன். லொறி சேமக்காலைக்குப் புறப்பட்டது, நான் ரயிலுக்குத் திரும்பினேன்.

மாலை வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கியபோது ஃபோன் அடித்தது. சேமக்காலையிலிருந்து லோரன்ஸ் அண்ணை.

“தங்கச்சி, புதுப் பற்றரி போட்டாச்சு. எஞ்சின் நல்லா ஓடுது. ஆனா எவ்வளவு மிதிச்சும் மெஷின் அசையுதில்லையே. பழுதோ?”

அவர் இதுவரை ஓட்டியதெல்லாம் கியர் வண்டி. வால்வைத் திறந்தவள் நான், மூட மறந்தவளும் நான்.

“இல்லை அண்ணை. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, பம்புக்குப் பக்கத்தில இருக்கிற வால்வை இறுக்குங்கோ. பிறகு மெல்லமா மிதியுங்கோ.”

“லைன்ல இருங்க, தங்கச்சி.”

ஃபோனை எங்கோ வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் கிளம்பியது. அதன்மேல் பம்பின் அந்த மெல்லிய ஊளை எழுந்தது. யூட் புல்லுக்குள் இறங்கும்போதெல்லாம் கேட்கும் சத்தம். அது விலகி விலகி, அவர் கிடக்கும் பக்கமாகப் போனது. ரயில் புறப்பட்டுப் போய், ஆட்களெல்லாம் வெளியேறிய பிறகும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், சொந்த ஸ்பானர் கொண்டுபோங்கள், இயந்திரத்தை ஏற்றியதும் வால்வை மறக்காமல் மூடுங்கள். நான் மறந்தது பிழைதான். ஆனால் மூடியிருந்தால் லோரன்ஸ் அண்ணை எனக்கு ஃபோன் எடுத்திருக்க மாட்டார்.