கயிறு இல்லாத தண்ணீர்

நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடி முடிக்கும் டிரையத்லான் போட்டிக்குத் தொண்ணூறுகளில் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஓர் அணி இருந்தது. அதில் எனக்கு ஜூனியர் ஒருவன்; நீச்சலில் அவனை முந்த ஆளில்லை. அகன்ற தோள், எப்போதும் சிவந்த கண். கோவைப் பக்கம் அன்னூரில் தோட்டத்துக் கிணற்றுக்குள் சுற்றிச் சுற்றியே நீந்திப் பழகியவன். அதனால் நீச்சல் குளத்திலும் வலப்பக்கம் வளைந்துகொண்டே போவான். தடம் பிரிக்கும் கயிற்றில் தோள் இடித்த பிறகுதான் நேராவான்.

"போட்டி ஏரியில நடக்குது. அங்க கயிறு கிடையாதப்பா" என்றேன்.

"கிணத்துல பழகுனவனுங்ணா. கிணத்துக்கடவுல போய்க் கரையேறிக்கிறேன்" என்று கோவைக்குத் தெற்கே இருக்கும் ஊரின் பெயரை இழுத்துச் சிரித்தான்.

போட்டியன்று மற்றவர்கள் திரும்பும் இடம் காட்டிய மிதவையை நோக்கிப் போக, அவன் மட்டும் வலப்பக்கம் விலகினான். அவன் அத்தனை வேகமாக நீந்தி நான் பார்த்ததில்லை. மாற்று வீரனான நான் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். தண்ணீருக்குள் இருந்த காதுக்கு எதுவும் எட்டவில்லை. மீட்புப் படகு போய் அவனை ஏற்றியது. படகில் ஏறினால் போட்டியில் இல்லை.

துண்டைப் போர்த்திவிட்டபோது சொன்னான்: "முன்னால ஒருத்தரையுங் காணோமுங்ணா. நாந்தான் மொதல்ல போறேன்னு நெனச்சுப்போட்டேன்."

அவன் சைக்கிள், தண்ணீரிலிருந்து ஓடி வந்ததும் ஏறத் தோதாக, சாலையைப் பார்த்து நின்றது.