மாமியின் தோட்டத்தை நான் அழித்த விதம்

என் மாமிக்கு இரண்டு தோட்டங்கள். ஒன்று, குறிஞ்சிப்பிட்டியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெங்காயத் தோட்டம். மற்றது, இத்தாலிக்குப் போன மகன் விட்டுவிட்டுப் போன பழைய கையடக்க கேம் பெட்டிக்குள் இருந்தது. பகல் சாப்பாடு முடிந்ததும் கதிரையை மாமரத்தடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சின்னத் திரையில் தக்காளி நடுவார், மாடு கறப்பார், கோழிக்குத் தீன் போடுவார். பல வருஷத்து உழைப்பு.

ஒருநாள், "மருமகன், நேத்து நட்டதை இது மறந்துட்டுது" என்று பெட்டியை என்னிடம் நீட்டினார்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். விடுமுறையில் இரண்டொரு பழைய கேம் பெட்டிகளைத் திறந்து மூடியும் இருக்கிறேன். எனவே தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினேன். பெட்டிக்குள் செருகும் விளையாட்டுக் கேசட்டுக்குள் காசு மாதிரி ஒரு பெட்டரி இருக்கிறது. பெட்டியை நிறுத்தினாலும் விளையாட்டின் நினைவைக் காப்பது அதுதான். இப்போது அது வயதாகி, உப்புக் காற்றில் துருவும் பிடித்துவிட்டது.

"கழட்டினா என்ட தோட்டம் போயிராதா?"

"போகாது மாமி. கழட்ட முன்னுக்கு வேறொரு பெட்டரியை வயரால பக்கத்தில கொழுவுவன். நினைவு அதில தொங்கிக்கொண்டு நிக்கும்."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். நேர், மறை என்றால் என்ன என்பதை இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்து மாமிக்குப் பாடம் எடுத்தபடியே வயரைக் கொழுவினேன். நேருக்கு மறை, மறைக்கு நேர் என்று தலைகீழாக. அது தெரியாமல் பழைய பெட்டரியைக் கழற்றி, புதியதை ஈயம் உருக்கி ஒட்டி, அதன் மினுமினுப்பைக் கொஞ்ச நேரம் ரசிக்கவும் செய்தேன்.

மாமி பெட்டியின் சுவிட்சைப் போட்டார். அது, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதுபோல் அவர் பெயரைக் கேட்டது.

"தோட்டம் எங்க?"

மின்னோட்டத்தின் திசையைப் பற்றி நான் தொடங்கினேன். மாமி முழுவதையும் கேட்டார்.

"போன மாரியில வெங்காயம் முழுக்க அழுகிப் போச்சு. அந்த மழைகூட இவ்வளவு விளக்கம் சொல்லல."

குசினி அடுப்படியில் இருந்து என் மனைவி சிரித்தது கேட்டது.

நானே எல்லாவற்றையும் திரும்ப நட்டுத் தருவதாகச் சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். தக்காளி முளைத்தது. மாட்டுக்குத் தீன் போட மறந்ததால் மாடு நோயில் படுத்தது. மாமி பெட்டியைப் பறித்துக்கொண்டார்.

"இதையும் கொன்னுபோடாதீங்க. அங்க வெங்காயத்துக்குள்ள புல்லு மண்டிக் கிடக்கு, போங்க."

அந்த விடுமுறை முழுக்க நான் வெயிலில் குனிந்து புல் பிடுங்க, மாமி நிழலில் ஒற்றை மண்வெட்டியோடு அடியிலிருந்து விவசாயத்தைத் தொடங்கினார். திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே, "மருமகன், அது வெங்காயம்" என்பார். பச்சையாக இருந்ததையெல்லாம் நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஆனால் பெட்டியின் நினைவு நிலைத்து நின்றது. நட்டவை மறுநாளும் இருந்தன. அப்படியும் நம்பிக்கை வராமல், என் மோட்டார் சைக்கிளிலேயே பின்னால் ஏறிக் கற்பிட்டிக்கு வந்து, ஒரு போன் திருத்தும் கடையில் பெட்டியைக் காட்டினார் மாமி. கடைக்காரர் திறந்து பார்த்தார்.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கு. யார் செஞ்சது?"

நான் சேர்ட்டைச் சரிசெய்துகொண்டேன்.

"இந்தா நிக்கிறார்" என்றார் மாமி. "இருந்ததையெல்லாம் அழிச்சிட்டுச் செஞ்சவர்."

திரும்பி வரும்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "இடப்பக்கம் போற பொத்தான் சரியா அமருதில்ல. அதையும் ஒருக்காப் பாருங்களன்."

வந்த சந்தோஷத்தில் சைக்கிளை நேராக ஒரு பள்ளத்தில் விட்டேன்.

திறந்து பார்த்தால், பொத்தானுக்கு அடியில் இருந்த றப்பர் இற்றுப் போயிருந்தது. புதியதுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், இன்னும் வந்து சேரவில்லை. இடப்பக்கம் இருக்கும் மாட்டுக் கொட்டிலுக்குப் போக மாமி அந்தப் பொத்தானை இடிக்கிற இடிக்கும் பெட்டரி கழன்று விழாமல் இருப்பதே என் வேலைக்குச் சாட்சி என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் இன்னும் சிரிக்கிறாள்.