கோபத்துக்கு நம்பர்

எங்கள் மில்லின் வெள்ளைக்கார மானேஜர் நூலுக்கு நம்பர் போடுவதுபோல் கோபத்துக்கும் போடுவார். தொழிலாளிகள் 'ஆங்ரி' என்றால் கூப்பிட்டுப் பேசுவார். அதற்கும் மேலே 'ஃபியூரியஸ்' என்றால் போலீசுக்குச் சொல்லி அனுப்புவார். எது என்று சொல்வது குமாஸ்தாவான என் தலையில் விழுந்த வேலை.

மேஸ்திரி ஒரு தொழிலாளிப் பெண்ணைச் செருப்பால் அடித்ததை மானேஜர் சிரித்துத் தள்ளினார். அன்று மில் முழுக்கக் கூச்சல். மறுநாள் மத்தியானச் சங்கு ஊதியும் ஒருவரும் தூக்குச்சட்டியைத் திறக்கவில்லை. ஆபீஸ் வாசலைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரொம்பக் கோவமாண்ணே?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"கோவமெல்லாம் நேத்தோட போச்சு தம்பி. நீ வீட்டுக்குப் போ."

அந்த அமைதிக்கு இங்கிலீஷில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"நாட் ஆங்ரி, சார்," என்றேன்.

மானேஜர் சிரித்தபடி தொப்பியை மாட்டிக்கொண்டு தனியாக வெளியே போனார். அத்தனை பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.