வாயில் கடிக்கிற சாமான்

அவள் வகுப்பில் அடி வாங்காதவர்கள் குறைவு. ஸ்கூபா டைவிங் போகிறவர் யாராயிருந்தாலும், டாக்டரோ பஸ் டிரைவரோ, ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் பட்டறை மேஜை முன் வாய்பொத்தி உட்கார வேண்டும். சிலிண்டர் காற்றை அளந்து வாய்க்குக் கொடுக்கிற ரெகுலேட்டரை அவரவரே பிரித்து, கழுவி, திரும்ப மாட்டிப் பழக வேண்டும். "வாயில கடிக்கிற சாமானை அடுத்தவன் கையில விடாதீங்க" என்பதுதான் முதல் பாடம். ஒரு பல் டாக்டர் சிலிண்டரை மூடிவிட்டு, குழாயில் நின்ற காற்றை வெளியேற்றாமலே திருகில் ஸ்பேனரை வைத்தார். விட்டாள் ஓர் அறை. அவர் மூக்குக் கண்ணாடி சுவரில் மோதி உடைந்தது.

"திருகு தெறிச்சிருந்தா கண்ணே போயிருக்கும் சார். கண்ணாடியோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க."

மனிதர் அடுத்த வாரமும் வந்தார், புதுக் கண்ணாடியோடு.

இந்த ஆங்காரம் பிறவிக் குணமில்லை. எட்டு வருஷத்துக்கு முன் அவள் ஸ்பேனரைத் தொட்டதுகூட இல்லை. புருஷன் டைவிங் சொல்லிக் கொடுப்பவன். ஒரு நாள் காலை, முப்பது மீட்டர் ஆழத்தில் அவன் ரெகுலேட்டர் காற்றை நிறுத்திவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விருட்டென்று மேலே வந்தவன், நுரையீரல் கிழிந்து, வாயிலும் மூக்கிலும் ரத்தம் கொட்ட, படகுப் பலகையிலேயே துடித்து அடங்கினான். விசாரித்தவர்கள் ரெகுலேட்டரைப் பிரித்தே பார்க்காமல் பையில் போட்டுத் திருப்பித் தந்தார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு, காய் நறுக்கும் கத்தியாலும் சுத்தியலாலும் அதை உடைத்தாள். உள்ளங்கை கிழிந்தது. உள்ளே பித்தளையில் பூத்த பச்சைக் களிம்பு. ரப்பர் வளையம் விரல் பட்டதும் பொடிப்பொடியாய் உதிர்ந்தது. வெளியே மட்டும் 'சர்வீஸ் ஆனது' என்ற சீட்டு பளபளவென்று ஒட்டியிருந்தது. ஒட்டியவன் அவள் கொழுந்தன், செத்தவனின் கூடப்பிறந்த தம்பி.

அவள் வாய் திறக்கவில்லை. மாமியார் உயிரோடிருந்தாள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், இன்னொரு பிள்ளைதான் கொன்றான் என்று எந்த வாயால் சொல்வது? உள்ளுக்குள்ளேயே புழுங்கினாள். எங்கெங்கோ போய்த் தொழிலைக் கற்றாள். கொழுந்தனின் ரெகுலேட்டர் சர்வீஸ் கடைக்கு நேர் எதிரே பட்டறை போட்டாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பேச்சை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அப்படியிருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் மகளே வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். கல்லூரிப் பெண். மறுநாள் கடலில் இறங்கப் போகிறவள். அப்பா சீட்டு ஒட்டிக் கொடுத்த ரெகுலேட்டரை அவள் பிரித்ததும், தட்டில் கொட்டியது அதே பச்சைக் களிம்பு.

அந்த நேரம் பார்த்து அப்பன்காரன் ஸ்பேனரோடு நுழைந்தான்.

"எந்திரிடி! இவகூடச் சேர்ந்து என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா?"

மகளின் முடியைப் பிடித்து இழுத்தான். நாற்காலி கவிழ்ந்தது. தடுக்க வந்த பல் டாக்டர் வயிற்றில் உதை வாங்கிச் சுருண்டார். வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவள் குறுக்கே பாய்ந்தாள். ஸ்பேனர் அவள் வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவளுக்கு வலிக்கவில்லை, வெறிதான் ஏறியது. இடது கையால் அவன் பிடரியைப் பற்றி முகத்தை மேஜையில் மோதினாள். மறுபடி மோதினாள். மூன்றாவது மோதலில் பல் ஒன்று தட்டில் விழுந்தது. களிம்பின் மேல் அவன் கன்னத்தை வைத்து அழுத்தினாள்.

"பாருடா! உங்கண்ணன் வாயில நீ கொடுத்ததும் இதேதான்டா!"

"எனக்குப் பிரிக்கத் தெரியாது அண்ணி." ரத்தமும் எச்சிலுமாய் அழுதான். "மேலாகக் கழுவி சீட்டு ஒட்டிடுவேன். எல்லாருக்கும் அப்படித்தான். அண்ணனுக்கும்..."

எட்டு வருஷமாய்க் காத்திருந்த வார்த்தை. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும், குளிரவில்லை. புருஷன்தான் வேண்டும் போலிருந்தது. சுவரோரம் நின்ற பெண் அப்பனைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தாள்.

"பெரியம்மா, இது உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?"

"உங்க பெரியப்பா போன அன்னையிலேருந்தே."

"தெரிஞ்சும் எதிர்லயே உக்காந்து, அந்தக் கடைக்குள்ள போறவங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?"

அவள் கைக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டு மத்தியானம் திரும்பியபோது, அப்பன் கடை சர்வீஸ் நோட்டை அந்தப் பெண் மேஜையில் கொண்டுவந்து வைத்திருந்தாள். பக்கம் பக்கமாய்ப் பெயரும் போன் நம்பரும். அவள் இடது கையால் ஒவ்வொன்றாய் அழுத்தி, "உங்க ரெகுலேட்டரைத் தொடாதீங்க, அதைப் பிரிக்கவேயில்லை" என்று சொல்லிக்கொண்டே போனாள். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் கண்டபடி திட்டினார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு நம்பரை யாரோ ஒரு பெண் எடுத்தாள். முழுக்கக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் போன வருஷமே தண்ணிக்குள்ள இறந்துட்டாருங்க. மாரடைப்புன்னு சொன்னாங்க," என்றாள். "அந்தச் சாமான் பீரோவுலதான் இருக்கு. கொண்டு வந்தா, பிரிச்சுக் காட்டுவீங்களா?"