ஒரே டேங்கில் கலந்த மருந்து

தேவர்சோலையில் சபீஹாவுக்கு ஒரு ஏக்கர் தேயிலை இருந்தது. பதினெட்டு வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்து வாங்கிய நிலம். மருந்து டேங்கைக்கூட அவளேதான் முதுகில் சுமப்பாள்.

சென்ற ஆனி மழையோடு தேயிலைக் கொசு இறங்கியது. அது சாறு உறிஞ்சிய கொழுந்து கருகிச் சுருண்டுவிடும். உரக்கடைக் கீர்த்திவாசன் ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்தான். உயிருள்ள பூஞ்சாணமாம், கொசுவின் மேல் ஒட்டி உள்ளே முளைத்து அதைக் கொன்றுவிடுமாம். விஷமில்லை என்றதும் சபீஹாவுக்குப் பிடித்துவிட்டது. இலைக் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்தையும் எடுத்து வைத்து, இரண்டையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொன்னான்.

அடித்தாள். கொசு சாகவில்லை; மூன்று வாரத்தில் நல்ல கொழுந்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. கேட்கப் போனபோது, பொம்பளை மருந்தடித்தால் இப்படித்தான் என்று கடையில் நாலு பேர் முன்னால் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து பொடி உறையைத் திருப்பிப் பார்த்தாள். பூஞ்சாணக் கொல்லிகளுடன் கலக்கக் கூடாது என்று எறும்பு எழுத்தில் இருந்தது. தாமிர மருந்தின் டப்பாவில் பெரிதாக: பூஞ்சாணக் கொல்லி.

அரிசியை வேகவைத்து இரண்டு பாட்டில்களில் போட்டாள். ஒன்றில் பொடி மட்டும். மற்றதில் பொடியும் தாமிர மருந்தும். ஏழாம் நாள் முதல் பாட்டில் பஞ்சாக வெளுத்திருந்தது. மற்றதில் ஒன்றுமே முளைக்கவில்லை.

அந்த வாரம் சிறு விவசாயிகள் கூட்டத்துக்குக் கீர்த்திவாசன் புது மருந்தோடு வந்திருந்தான். அவன் மேஜைமேலேயே பாட்டில்களை வைத்தாள்.

"ஏனுங்க, இதுல உசுரு இருக்குது. நீங்க சொன்னபடி கலந்ததுல செத்துப்போச்சு. உறையில எழுதியிருக்கறதை நீங்க படிக்கலீங்களா?"

கம்பெனிக்காரர்கள் என்னென்னவோ அச்சடிப்பார்கள், யார் படிப்பது என்றான் அவன்.

"விக்கிறவரே படிக்கலீன்னா, என்னைப் பார்த்து எதுக்குங்க சிரிச்சீங்க?"

பின்வரிசையில் ஓவேலி ஊர்க்காரர் ஒச்சப்பன் எழுந்தார். அவரும் கலந்துதான் அடித்தாராம். இத்தனை நாளும் தன் கைப்பிழை என்றே நினைத்திருந்தாராம். அவரைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் எழுந்தார்கள். கீர்த்திவாசன் தலைகுனிந்து தப்புதான் என்று முணுமுணுத்தான். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றாள் சபீஹா. உரக்கச் சொல்ல வைத்த பிறகே உட்கார்ந்தாள்.

அதன்பின் பொடியைத் தனியாக, வெயில் தாழ்ந்த பொழுதில் அடித்தாள். கொசு குறைந்தது. ஆனால் அந்தப் பருவத்துக் கொழுந்து போனது போனதுதான். கீர்த்திவாசனின் கடைப்படியை அவள் இன்றுவரை மிதிக்கவில்லை.