நடுங்கும் கைக்கு ஒரு சால்வை

பரிசோதனை முயற்சியாகத் திரைப்படம் எடுப்பவரிடம் உதவியாளராக இருந்தால், பாதி நாள் கேமரா தூக்க வேண்டும், மீதி நாள் "இதில் கதை எங்கே?" என்பவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

என் இயக்குநர் வசந்தாவுக்கு எழுபத்தாறு வயது. அவர் குடியிருக்கும் டாக்குரியா பகுதி வங்காளிகள் எல்லோருக்கும் அவர் வசந்தாதி, அதாவது வசந்தா அக்கா. எனக்கும்தான். மாமி என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவே இல்லை.

ட்ரைபாட்

முதல் நாள், கல்லூரியை மட்டம் போட்டுவிட்டு, என் வீடு இருக்கும் கார்டன் ரீச்சிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். டாக்குரியா ஸ்டேஷனில், ரயிலுக்குக் காத்திருப்பவர்களின் கைகளை மட்டும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கேமரா பிடித்த அவர் கை நடுங்கியது. கேமராவை ஆடாமல் தாங்கும் ட்ரைபாடை அவசரமாக விரித்தேன். அதை மடக்கி என் தோளிலேயே மாட்டிவிட்டுச் சொன்னார்: "நடுங்கறது என் கை. நீ ஏன் பதறறே?"

என் புத்திசாலித்தனம்

அவர் கண் டாக்டரிடம் போயிருந்த மத்தியானம், எடிட்டிங் மென்பொருளில் நடுக்கம் மொத்தத்தையும் துடைத்தெடுத்தேன். பன்னிரண்டு நிமிடப் படம் வெண்ணெயாக வழுக்கியது. பாராட்டுக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசிவரை பார்த்தார். "அழகா இருக்கு. யார் எடுத்தது?"

அன்றைக்கே எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன்.

மரியாதை

அந்தப் படத்தை எங்கள் பக்கத்துத் திரைப்பட விழாவின் புதிய படங்கள் பிரிவுக்கு அனுப்பினோம். விழாக் குழுச் செயலாளர் வங்காளத்தில் தேனாகப் பேசினார்: படம் ஆடுகிறது, விழாவில் சேர்க்க முடியாது, பதிலாக மேடையில் உத்தரீயம் போர்த்தி, சந்தேஷ் இனிப்பு டப்பா கொடுத்து, அவருடைய நாற்பது வருடப் பழைய படத்தைக் காட்டுவார்கள். இருபது வயதுப் பையன் கேமராவை உலுக்கினால் அது பாணி, எழுபத்தாறு வயதில் கை நடுங்கினால் கோளாறா என்று கேட்டேன். மேஜையையும் தட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் முகம் வாடாமல் சொன்னார்: "அவங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதைம்மா. அதனாலதான் இதைக் காட்டல."

பதினைந்து நிமிடம்

வசந்தாதி அந்தச் சால்வைக்கு ஒத்துக்கொண்டார்! கோபத்தில் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவரோ அழைப்பிதழில் ஒரே ஒரு வரியை விரலால் காட்டினார்: 'மூத்த இயக்குநர் உரை, பதினைந்து நிமிடம்.'

இந்த ஊரில் உத்தரீயம் போர்த்திய பெரியவர் மைக்கைப் பிடித்துவிட்டால், யாரும் குறுக்கே போக மாட்டார்கள். விழா மேடையில் வசந்தாதி மைக்கைப் பிடித்தார். "எனக்குப் பேச வராது. என் நேரத்துல இதைப் பாருங்க" என்று என் பக்கம் தலையாட்டினார். பழைய படத்துக்காக இணைத்திருந்த என் மடிக்கணினியில் புதிய படத்தை ஓடவிட்டேன். திரை முழுக்கக் கைகள், அத்தனையும் அவர் கையின் நடுக்கத்தோடு. நாலைந்து பேர் டீ குடிக்கக் கிளம்பினார்கள். மற்றவர்கள் அசையவில்லை. விளக்கு வந்ததும் செயலாளர் பல்லைக் கடித்தார்: "உரைன்னுதானே போட்டிருந்தோம்?"

"இதுதான் உரை. பதில் இருந்தா நீங்களும் ஒரு படம் எடுத்துண்டு வாங்கோ" என்றார் வசந்தாதி.

அந்த உத்தரீயத்தை இப்போது தூசி படாமல் கேமராவுக்குப் போர்த்துகிறோம். மரியாதைக்கு இதைவிட நல்ல உபயோகம் இருக்கிறது என்பவர்கள் நேரில் வரலாம், சண்டைக்கு நான் தயார்.