தம்பி கீழே வரும் நேரம்

அப்பாவுக்கு ஒரு பழைய ஆங்கிலத் தொடர் மேல் பைத்தியம். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைத் தொடர். தனியாகத் தொழில் செய்யும் ஒரு துப்பறிவாளர், கசங்கிய கோட்டு, எப்போதும் மழை பெய்யும் ஊர். துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. ஒரு கேள்வி கேட்பார், சும்மா நிற்பார், எதிராளி தானாக உளறுவார். ரிட்டயர் ஆன பிறகு அப்பா அதை இணையத்தில் தேடிப் பிடித்து, தினமும் சாயங்காலம் டிவியில் போட்டு, கீழே ஓடும் எழுத்துகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே பார்ப்பார். எனக்குக் கொட்டாவி வரும். ஆனாலும் நிறுத்தச் சொன்னதில்லை. காரணம் தம்பி.

தம்பி கல்லூரி கடைசி வருஷத்தில் உடம்புக்கு முடியாமல் போனவன். உடம்பு என்பது நாங்கள் சொல்லிக்கொள்வது. டாக்டர் சொன்ன மனநோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. மாத்திரை சாப்பிடுகிறான், மாடி அறையிலேயே இருக்கிறான், வெளியாட்களிடம் பேசமாட்டான். அம்மா இறந்தபோது வந்தவர்களிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தொடரின் இசை கேட்டால் மட்டும் இறங்கி வருவான். சோபா ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பான். குற்றவாளி யார் என்று பாதியிலேயே சொல்லிவிடுவான், சரியாகவே இருக்கும். முடிந்ததும் மேலே போய்விடுவான். ஒரு நாளில் எங்களுக்கு அவன் கிடைப்பது அவ்வளவுதான்.

எனக்குக் கல்யாணம் அமைந்தபோது அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம், "பையன் வீட்லேருந்தே வேலை பாக்குறான்" என்று சொல்லிவிட்டார். அவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு முப்பது வயசு தாண்டிய பிறகு வந்த வரன்களில் என்னைப் பேசவிட்டுக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரிடம் பொய்யோடு ஆரம்பிக்க எனக்கு மனசில்லை.

எங்கள் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபைக்கு முன்னால் கேட்பார்கள். அதைச் சொல்லித்தான் அப்பாவை மடக்கினேன்.

"ஓலை வாசிக்கிறதுக்குள்ள நீங்களே போய் சொல்லிடுங்கப்பா. இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

"சொல்றேம்மா. தம்பியப் பத்தி பக்குவமா சொல்லணும். இந்த வாரம் நானே போறேன்."

அந்த வாரத்தில்தான் அந்த ஆள் வந்தார்.

வேலை முடிந்து குரோம்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, ஹாலில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாதாரணச் சட்டை, கையில் ஹெல்மெட், முகத்தில் நல்ல சிரிப்பு. டிவியில் மழை பெய்துகொண்டிருந்தது. பக்கத்தில் தம்பி. அவன் பேசிக்கொண்டிருந்தான்.

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டேன். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். அந்தத் துப்பறிவாளர் ஏன் யாரையும் மிரட்டுவதில்லை என்று அந்த ஆளுக்கு நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தான். நடுவில் என்னைக் காட்டி, "எங்க அக்கா. வீட்டையே இவங்கதான் பாத்துக்கறாங்க" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த மிக நீளமான பேச்சு அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார் வாடகைக்கு வீடு தேடி வந்தாராம்" என்றார் அப்பா. முகமெல்லாம் பூரிப்பு. "நம்ம சீரியல் ஓடறதைப் பாத்துட்டு உக்காந்துட்டார். அவங்க அப்பாவும் இதைப் பாப்பாராம்."

அந்த ஆள் கிளம்பும்போது அப்பா கேட் வரை கூடவே போனார். நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்படி தேங்க்ஸ் சொல்றதுன்னே தெரியல சார். அவன் வெளியாள்கிட்ட பேசியே பல வருஷம் ஆச்சு. மனசு சரியில்லாம ரெண்டு தடவை ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம். மாத்திரையிலதான் ஓடுது. இன்னிக்குத்தான் என் பிள்ளையப் பழையபடி பாத்தேன்."

அந்த ஆள் சும்மா நின்றார். அப்பா இன்னும் சொன்னார். எந்த ஆஸ்பத்திரி என்பதுவரை சொன்னார். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அன்று அப்பா இருந்த சந்தோஷத்தில் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லியிருப்பார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் மாமா போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"நாங்க ஆள் வெச்சு விசாரிச்சோம்மா. இப்பல்லாம் எல்லாரும் பண்றதுதானே. உங்க தம்பியப் பத்தி உங்கப்பா வாயாலேயே சொல்லியிருக்கார். எங்ககிட்ட மட்டும் மறைச்சுட்டீங்க. இனி இந்தச் சம்பந்தம் சரிப்படாதும்மா."

மாப்பிள்ளையை அழைத்தேன். எடுத்தார், அதுவே பெரிய விஷயம். "தம்பிக்கு முடியலன்னு சொல்லியிருந்தா நான் வீட்ல சண்டை போட்டிருப்பேன். இப்ப எதை வெச்சுப் போடறது?" என்றார். அவர் மேல் கோபம்கூட வரவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். "நாளைக்குப் போய் சொல்றதா இருந்தேம்மா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, "தினம் துப்பறியற கதையா பாத்துட்டு, வீட்டுக்குள்ள வந்து உக்காந்தவன் யாருன்னு தெரியலியே எனக்கு" என்றார். திட்ட வேண்டும் என்று வந்தவள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

வழக்கமான நேரம் வந்தது. டிவி போடவில்லை. இசை கேட்காமலேயே தம்பி இறங்கி வந்தான். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அந்த டிடெக்டிவ் ஏதாவது சொன்னாரா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "டிடெக்டிவ்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"அதுக்கு முந்தின நாளே எதிர் வீட்டுல, இஸ்திரி வண்டிகிட்ட எல்லாம் நம்ம வீட்டைக் காட்டிப் பேசிட்டிருந்தார். மேலேருந்து பாத்தேன். அப்புறம் வீடு தேடி வந்தேன்னு சொல்றவர் வாடகை எவ்வளவுன்னு கேக்கவே இல்லையே."

"தெரிஞ்சா ஏண்டா அவர்கிட்ட பேசினே?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "என்னைப் பாக்கத்தான் வருவார்னு தெரியும்க்கா. நான் நல்லாதான் இருக்கேன்னு அவர் போய் சொல்லணுமில்ல. அதான் தலை வாரிட்டு வந்தேன். மேல இருந்தபோதே என்ன பேசணும்னு சொல்லிப் பாத்துக்கிட்டேன்."

அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். என் கல்யாணத்துக்காக எங்கள் வீட்டில் உண்மையில் பாடுபட்டவன் அவன் ஒருவன்தான்.

அப்பா ஏன் அழுகிறார் என்று அவன் கேட்கவில்லை. சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். வழக்கமாக உட்காரும் சோபா ஓரத்தில் உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்கல்ல?" என்றான். "நானும் சர்ச்சுக்கு வரேன்க்கா."